எங்கட கடலுக்குக் கீழ எண்ணெய் கிடக்கோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறவனிடம் ஊரார் வழக்கமாகக் கேட்பது பரீட்சைப் பெறுபேறு பற்றித்தான். 2022-இல் எல்லாரும் பெற்றோல் வரிசையில் நின்றதில் இருந்து அது மாறிவிட்டது. சந்தையில், கலியாண வீட்டில், கனடாவில் இருந்து வரும் வட்ஸ்அப் அழைப்பில் எல்லாம் மன்னார் எண்ணெய்தான் கதை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதல்ல ஒண்டு சொல்லுங்கோ சேர், இருக்கோ இல்லையோ?

இயற்கை வாயு இருக்கிறது. 2011-இல் மன்னார் வளைகுடாவில் டொராடோ, பரகூடா என்று பெயர் வைத்த இரண்டு கிணறுகளில் அதைக் கண்டார்கள். எண்ணெய் விசயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. எடுத்து விற்கிற அளவுக்கு எந்தக் கிணற்றிலும் இதுவரை கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள பாக்கு நீரிணை, பாக்குக் குடாவில் துளைத்த கிணறுகளில் வாயுவும் அந்த அளவுக்கு இல்லை.

கேட்கிறவர்கள் பலர் “இருக்கு” என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். இருப்பதற்கும் எடுப்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் கீழே வரும் பதில்களில் பாதி.

எண்ணெய் டைனோசர் செத்து உருகி வந்ததுதானே?

இல்லை. கடலில் மிதந்து திரியும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பாசிகளும் செத்து, ஒட்சிசன் இல்லாத அடிச்சேற்றில் புதைந்ததில் இருந்து வந்தது. அந்தச் சேறு மேலும் மேலும் மூடப்பட்டு, ஏறக்குறைய 60 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டுக்கு வரும்போது எண்ணெய் உருவாகும். அதையும் தாண்டிச் சூடேறினால் வாயுதான் மிஞ்சும். நிலத்தில் இருந்து அடித்து வந்த மரம் செடி எச்சம் சேற்றில் கூடுதலாக இருந்தாலும் வாயுப் பக்கமே சாயும்.

எங்கள் பக்கத்துச் சேறு படிந்த கிரத்தேசியக் காலத்தில் டைனோசர்களும் உலாவியது உண்மை. குழப்பம் அதில் இருந்து வந்திருக்கலாம்.

கடலடியில எண்ணெய் குளம் மாதிரித் தேங்கி நிக்குமோ?

நிற்காது. புட்டுக்குள் சொதி ஊறி நிற்பதுபோல, மணற்கல்லின் துணிக்கைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய வெளிகளில் அது ஊறி இருக்கும். கையில் எடுத்தால் சாதாரணக் கல்தான்.

அப்படி ஊறி நிற்பதற்கும் பல விசயங்கள் ஒன்றுகூட வேண்டும். எண்ணெய் உண்டாக்கும் தாய்ப்பாறை வேண்டும். அதைத் தேக்கும் துளையுள்ள பாறை வேண்டும். மேலே தப்பிப் போகாமல் மூடும் களிப்பாறையோ உப்புப்பாறையோ வேண்டும். கவிழ்ந்த கிண்ண வடிவிலோ, பிளவு ஒன்று குறுக்கே வெட்டியோ, ஓரிடத்தில் மறித்து வைக்கும் பொறி ஒன்று வேண்டும். எண்ணெய் ஊறிப் புறப்படுவதற்கு முன்பே அந்தப் பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். பிந்தி உருவான பொறியில் உப்புத் தண்ணீர்தான் இருக்கும். ஒன்று குறைந்தாலும் கிணறு வறட்டுக் கிணறு. இந்தப் பட்டியலை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவோம்.

சவுதியிலயும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளதான் எண்ணெயாம். எங்கட கீரிமலைக் கல்லுக்குள்ள ஏன் இல்லை?

நல்ல கேள்வி, அதிலும் நீங்கள் நினைத்ததை விட நல்ல கேள்வி. சவுதியின் கவார் வயலில் எண்ணெய் யுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. அதை விடக் கிட்டத்தில், மும்பைக் கடலில் 1974-இல் கண்டுபிடித்த மும்பை ஹை வயலின் பிரதான தேக்கப் பாறை மயோசீன் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய) சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லும் மயோசீன்தான். வயதில் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

வித்தியாசம் மூடியில். மும்பையில் அந்தக் கல் கடலடிக்கும் கீழே ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், களிப்பாறையால் மூடப்பட்டுக் கிடக்கிறது. எங்களுடையது மேலேயே கிடக்கிறது. தோட்டக் கிணறு வெட்டினால் அலவாங்கு அதில்தான் படும். குகையும் வெடிப்புமாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கீரிமலைக் கேணியில் வெளியே வருகிறது. எப்போதாவது ஒரு காலத்தில் கீழிருந்து வாயு ஏறி வந்திருந்தாலும் அதைப் பிடித்து வைக்க ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே குடாநாட்டில் தேடுவதென்றால் இந்தக் கல்லை விட்டுவிட்டு, அதற்கும் கீழே உள்ள கிரத்தேசியப் படிவுகளில்தான் தேட வேண்டும்.

சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்ததே, அது நிலத்துக்குக் கீழ இருந்து வந்ததில்லையோ?

இல்லை. அது மேலிருந்து கீழே போன எண்ணெய். அங்கிருந்த அனல் மின் நிலையத்தோடு சம்பந்தப்பட்ட மாசு அது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019-இல் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முன் பதிலில் சொன்ன அதே வெடிப்புக் கல்தான் அந்த எண்ணெயை ஒரு கிணற்றில் இருந்து அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோனது.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாவிக்காத கிணற்றில் வானவில் நிறத்தில் ஏடு படிந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஒரு ஈர்க்கால் அதைக் கீறிப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தைத் தின்னும் பக்டீரியாவின் வேலை. கீறிய இடம் திரும்ப ஓடி வந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். குடிக்காமல், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

காவேரிப் படுகை எண்டு சொல்லுகினம். காவேரி இங்க ஓடேல்லையே?

ஆறு ஓடவில்லை, படுகை ஓடி வருகிறது. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் புதுச்சேரிப் பக்கம் தொடங்கி, பாக்குக் குடாவைக் கடந்து, எங்கள் வடகரை வரை நீளும் பள்ளம் இது. மேலே மணலும் கடலும் நிரவியிருப்பதால் பார்த்தால் தெரியாது.

கதை கொண்டுவானாவில் தொடங்குகிறது. இந்தியா, இலங்கை, மடகஸ்கார், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த பெருநிலம் அது. யுராசிக்கின் பிற்பகுதியிலும் கிரத்தேசியத்தின் தொடக்கத்திலும், அதாவது சுமார் 16 முதல் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், அது கிழியத் தொடங்கியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலும் ஒரு கிழியல் விழுந்தது, ஆனால் முழுதாகப் பிரியவில்லை. பிரிந்திருந்தால் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் சமுத்திரம் இருந்திருக்கும். பாதியில் நின்ற அந்தக் கிழியலின் தழும்புகள்தான் வடக்கே காவேரிப் படுகையும் தெற்கே மன்னார்ப் படுகையும். புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவையில் கிடைக்கும் யுராசிக் காலத் தாவரப் புதைபடிவங்களும் அந்தக் கால எச்சமே.

இரண்டு தழும்பும் ஒன்றல்ல. பாக்குக் குடாவில் தண்ணீர் பெரும்பாலும் பதின்மூன்று மீற்றருக்கு மேல் போகாது. மன்னார் வளைகுடாவோ ஆயிரம், இரண்டாயிரம் மீற்றர் என்று இறங்குகிறது. துளைக்கிற செலவு எங்கே கூடும் என்று இதிலேயே விளங்கும்.

பேசாலையில ரஷ்யாக்காரர் எண்ணெய் கண்டு, சீமெந்து போட்டு மூடிப்போட்டுப் போனவையாம். அப்பா சொன்னவர்.

அப்பா பாதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். 1960-களின் பிற்பகுதியில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் மன்னார்ப் பக்கம் நில அதிர்வு அளவீடு, அதாவது ஒலி அனுப்பி அடிப்பாறையைப் படம் எடுக்கும் வேலை, செய்தது. பிறகு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியோடு அதைத் தொடர்ந்தது. 1974-இல் மன்னார்த் தீவில் பேசாலையில் துளைக்கத் தொடங்கி, மூன்று கிணறுகள் போட்டார்கள். வணிக அளவில் ஒன்றும் இல்லை.

சீமெந்து போட்டது உண்மை, அதில் மர்மம் இல்லை. உலகத்தில் எங்கே துளைத்தாலும், வேண்டாம் என்று விடும் கிணற்றைச் சீமெந்தால் அடைத்துவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் ஆழத்து உப்புத் தண்ணீர் மேலே ஏறிக் குடிநீரைக் கெடுக்கும். கண்டதை ஒளிப்பதும் லேசான காரியம் இல்லை. துளைக்கும்போது சேற்றுக் கரைசல் ஒன்று குழாய்க்குள்ளால் கீழே போய், வெட்டிய கல்லுத்தூளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அதை அரிதட்டில் விழுத்தி, கழுவி, பைகளில் ஆழத்தை எழுதிக் கட்டி வைப்பார்கள். ஒரு சிட்டிகையை எடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், எண்ணெய் இருக்கும் துணிக்கை மஞ்சளாகவோ நீலம் கலந்த வெள்ளையாகவோ ஒளிரும். இரவும் பகலும் முறை மாறி ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரின் வாயையும் ஐம்பது வருசம் மூடி வைக்க எங்கள் நாட்டு அரசாங்கங்களால் முடியும் என்று நான் நம்பவில்லை.

அதுக்குப் பிறகு ஒருத்தரும் தேடேல்லையோ?

தேடினார்கள். 1976-இல் மரதன் என்ற அமெரிக்க நிறுவனம் பாக்குக் குடா-1, டெல்வ்ற்-1 என்று இரண்டு கிணறுகள் துளைத்தது. டெல்வ்ற் என்றால் எங்கள் நெடுந்தீவின் ஒல்லாந்தர் காலப் பெயர். 1981-இல் சிற்றீஸ் சேர்விஸ் நிறுவனம் பெட்றோ-1, பேர்ள்-1 துளைத்தது. பேர்ள்-1 மன்னார்ப் படுகையின் முதற் கிணறு. எல்லாம் வெறுங்கை.

பிறகு யுத்தம். வடகடலில் மீன் பிடிக்கவே பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலத்தில் யார் வந்து அளவெடுப்பார்கள்? நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோம். 2001-இல் நோர்வே நாட்டு நிறுவனம் ஒன்று மன்னார் வளைகுடாவில் புதிதாக அளவெடுத்தது. 2003-இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. 2008-இல் மன்னார்ப் படுகையில் தேடுவதற்குக் கெய்ர்ன் என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஆனது.

இந்தியாப் பக்கம் நரிமணத்தில எடுக்கிறாங்கள். ஒரே படுகையெண்டால் இங்கயும் இருக்க வேணுமே?

வேண்டும் என்று இல்லை. காவேரிப் படுகை ஒரே பள்ளமாக இல்லாமல், நீளமான மேடுகளால் பிரிக்கப்பட்ட பல உட்பள்ளங்களாக இருக்கிறது. அந்த மேடுகளில் ஒன்றுக்கு மண்டபம்–டெல்வ்ற் மேடு என்றே பெயர். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இருந்து நெடுந்தீவு நோக்கிப் போகிறது. நரிமணம், புவனகிரி, கோவில்களப்பால் எல்லாம் அந்தப் பக்கத்து ஆழமான உட்பள்ளங்களோடு சேர்ந்தவை. அங்கே தாய்ப்பாறை தடிப்பாகப் படிந்து, போதிய சூட்டுக்கு வரும் ஆழத்துக்கும் போயிருக்கிறது. மேட்டில் படிவு மெல்லிசு.

இன்னொன்று, அங்கே நூற்றுக்கணக்கில் துளைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் உள்ள பி.வை.-1 வயலில் வெடிப்பு விழுந்த அடித்தளப் பாறைக்குள் வாயு கிடைத்தது. மணற்கல்லைத் தேடிப் போன காலத்தில் பலர் எதிர்பாராத இடம் அது. இங்கே காவேரிப் படுகையில் போட்ட கிணறுகளைக் கைவிரல்களால் எண்ணலாம். அவ்வளவை வைத்து “ஒன்றுமே இல்லை” என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான்.

அவங்கள் சாய்வாத் துளைச்சு எங்கட பக்கத்து எண்ணெயை உறிஞ்சுறாங்களாமே?

சாய்வாகத் துளைப்பது சாதாரண தொழில்நுட்பம். பத்துக் கிலோமீற்றருக்கு மேலும் பக்கவாட்டில் போன கிணறுகள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் பி.வை.-1, பி.வை.-3 போன்ற கடல் வயல்கள் எல்லைக் கோட்டில் இருந்து அதை விடப் பல மடங்கு தூரம். இழுத்தாலும் எட்டாது.

எல்லையில் பொதுவாக ஒரு வயல் கிடந்தால் என்ன என்பதையும் யோசித்திருக்கிறார்கள். கச்சதீவு என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வரும் 1974 உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: எல்லையைத் தாண்டிக் கிடக்கும் எண்ணெய், வாயு அமைப்பு ஒன்றை ஒரு பக்கத்தில் இருந்து எடுத்தால், எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று இரண்டு நாடும் பேசி இணக்கத்துக்கு வர முயல வேண்டும். “முயல வேண்டும்” என்றுதான் இருக்கிறது. அது எவ்வளவு உறுதி என்பதை இழுவைப்படகுப் பிரச்சினையைப் பார்த்த கடற்றொழிலாளிகளிடம் நான் விளக்கத் தேவையில்லை.

கடலுக்குள்ள வெடி வைச்சுத்தானே தேடுறவை? மீன் எல்லாம் ஓடிப்போகாதோ?

டைனமைற் வைத்தது பழைய காலம். இப்போது கப்பலின் பின்னால் இழுக்கும் காற்றுத் துப்பாக்கிகள், அழுத்திய காற்றைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை தண்ணீருக்குள் விடும். அந்த ஒலி கடலடிப் பாறைப் படைகளில் பட்டுத் திரும்புவதை, கிலோமீற்றர் கணக்கில் நீளும் வடங்களில் கட்டிய ஒலிவாங்கிகள் பதியும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்துப் படம் வரைவார்கள். படத்தில் பொறியின் வடிவம் தெரியும், அதற்குள் இருப்பது வாயுவா தண்ணீரா என்பது நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் துளைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மீன் விலகுவது உண்மை. அளவெடுப்பு நடக்கும் நாட்களில் பிடிபாடு குறைவதைப் பல நாடுகளில் பதிந்திருக்கிறார்கள். 2017-இல் வெளியான டஸ்மானிய ஆய்வு ஒன்று, காற்றுத் துப்பாக்கி போன வழியில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் வரை மிதவை உயிரினங்கள் சாவதைக் காட்டியது. இதோடு, வடம் போகும் வழியில் வலை போட விடமாட்டார்கள். பாக்குக் குடா மாதிரி ஆழமில்லாத, கடற்புல்லும் கடற்பசுவும் உள்ள இடத்தில் நட்டஈடு, காலம், வழித்தடம் மூன்றையும் கப்பல் வர முன்பே எழுத்தில் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வந்த பிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள்.

சரி, 2011-ல வாயு கண்டாச்சு. இவ்வளவு காலமா ஏன் அடுப்புக்கு வரேல்லை?

கிணற்றின் கணக்கைப் பார்த்தால் பாதி விளங்கும். டொராடோவில் தண்ணீர் மட்டும் 1,354 மீற்றர் ஆழம். அதற்கும் கீழே துளைத்து, கடல் மட்டத்தில் இருந்து மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில், சுமார் 25 மீற்றர் தடிப்பான மணற்கல்லில் வாயுவைக் கண்டார்கள். பரகூடாவில் தண்ணீர் 1,509 மீற்றர், மொத்த ஆழம் 4,741 மீற்றர். இடையில் பழைய எரிமலைப் பாறையையும் துளைக்க வேண்டி வந்தது. துளைக்க வந்தது ஜப்பானின் சிக்யு, விஞ்ஞான ஆய்வுக்கென்று கட்டிய பெரிய கப்பல். டொராடோ வடக்கில் ஒன்றும் இல்லை, 2013-இல் துளைத்த வலகோவிலும் இல்லை. நாலுக்கு இரண்டு என்பது புதிய படுகைக்கு மோசமான கணக்கு இல்லை.

மற்றப் பாதி வியாபாரம். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கேயும் விற்கலாம். வாயுவுக்கு, குளிராக்கித் திரவமாக்கும் ஆலை வேண்டும், அல்லது கரைக்குக் குழாய் போட்டு வாங்குகிற ஆளை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். இங்கே வாங்கக்கூடிய பெரிய ஆள் மின்சார சபை மட்டும். அதே 2011-இல்தான் நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2014-இன் நடுப்பகுதியில் நூறு டொலருக்கு மேல் இருந்த மசகு எண்ணெய் பீப்பாய் 2015 தொடக்கத்தில் ஐம்பதுக்கும் கீழே விழுந்தது. அந்த விலைக்கு ஆழ்கடல் வாயுவில் காசு போட ஆள் இல்லை. 2015-இல் கெய்ர்ன் விலகியது. அடுப்பைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு, மன்னாரில் கண்டது இயற்கை வாயு. வந்தாலும் முதலில் மின் நிலையத்துக்குத்தான் போகும்.

வாயுவை எடுத்தால் யாழ்ப்பாணம் தாண்டு போகுமோ?

போகாது. எடுக்கிற இடத்துக்கு மேலே நிலம் இறங்குவது உண்டு. நோர்வேயின் எக்கோபிஸ்க் வயலில் கடலடி இறங்கியதால் 1987-இல் மேடைகளை ஆறு மீற்றர் உயர்த்தினார்கள். நெதர்லாந்தின் குறொனிங்கனில் வாயு எடுத்து நில அதிர்வே வந்தது. ஆனால் டொராடோ இங்கிருந்து வெகு தூரம். எங்கள் பக்கம் திடீரென்று நிலம் உள்ளே விழுந்தால், நாலாவது கேள்வியில் சொன்ன குகைக் கல்லைச் சந்தேகியுங்கள்.

எத்தனையோ பில்லியன் டொலர் பெறுமதி, நாட்டின்ர கடனையே கட்டலாம் எண்டு பேப்பரில போடுறாங்கள். நம்பலாமோ?

அந்தத் தொகை எந்த வகை என்று முதலில் பாருங்கள். “எதிர்பார்க்கப்படும் வளம்” என்றால் அதிர்வுப் படத்தில் தெரியும் பொறிகளின் கொள்ளளவை வைத்துப் போட்ட மதிப்பீடு, துளைக்காதது. கண்டுபிடித்தும் வியாபாரம் சரிவராமல் கிடப்பது அடுத்த வகை; டொராடோ, பரகூடா இரண்டும் இங்கேதான். எடுக்கும் திட்டமும் விலையும் வாங்குகிறவரும் உறுதியானதை மட்டும் “இருப்பு” என்பார்கள். அந்த வகையில் இலங்கைக்கு இன்னும் ஒன்றும் இல்லை. பேப்பரில் வரும் பில்லியன்கள் பெரும்பாலும் முதல் வகையை அன்றைய சந்தை விலையால் பெருக்கியவை. துளைக்கிற செலவும் கழிக்கவில்லை, கம்பனியின் பங்கும் கழிக்கவில்லை.

அதோடு நிலத்துக்குள் இருப்பது முழுதும் மேலே வராது. வாயு என்றால் நல்ல வயலில் முக்கால்வாசி வரலாம். எண்ணெய் என்றால் மூன்றில் ஒன்று வந்தாலே பரவாயில்லை, மற்றது கல்லிலேயே ஒட்டிக் கிடக்கும். அடுத்த முறை தலைப்பைப் பார்த்துவிட்டு எனக்கு அழைக்க முன், “துளைத்ததா, மதிப்பிட்டதா?” என்று அந்தச் செய்திக்குள்ளேயே தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது பந்தியில் இருக்கும்.